நள்ளிரவில் ஒலித்த சத்திர மணி

பயணம் புறப்படும் எவரும் கேட்கும் முதல் வினா ஒன்று உண்டு. போகிற ஊரில் கோவில் எங்கே, குளம் எங்கே என்று விசாரிப்பதற்கு முன்னரே, "வழியில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுவிடுகிறோம். பெரியவர்கள் முன்னிலையில் இதைக் கேட்கச் சிறிது கூச்சமும் கொள்கிறோம். வயிற்றைப் பற்றிய வினா அற்பமானது என்ற எண்ணம் நமக்குள் ஆழப் பதிந்திருக்கிறது. வரலாற்றை ஊன்றிப் படிப்பவர்க்கோ இவ்வினா அற்பமானதாகத் தோன்றாது. ஒரு நாட்டின் மன்னர்கள் எத்தனை போர்களில் வென்றார்கள் என்பதைக் கல்வெட்டுகள் சொல்லும். அந்நாட்டில் முகமறியாத வழிப்போக்கன் ஒருவன் அந்திப்பொழுதில் எந்த வீட்டில் இலை போட்டு அமர்ந்தான், அவனுக்கு யார் பரிமாறினார்கள், யாரைப் பந்தியில் சேர்க்க மறுத்தார்கள் என்பவற்றை அறிந்தால்தான் அந்நாட்டின் உள்ளத்தை அறிந்தவர்கள் ஆவோம்.

மரக்காணத்து உப்பளங்களில் தொடங்கி, காவிரியின் கழிமுகங்களைக் கடந்து, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சேதுவை நோக்கிச் செல்லும் சோழமண்டலக் கடற்கரையில், இந்த ஒரே வினாவைத் துணையாகக் கொண்டு சற்று நடந்து பார்ப்போம். நம் முன்னோர் இதற்கு அளித்த விடைகள் காலந்தோறும் மாறியிருக்கின்றன. அவற்றுள் சில நம்மைப் பெருமைகொள்ளச் செய்யும். சில தலைகுனியச் செய்யும்.

பாணனுக்குச் சொன்ன வழி

கடற்கரைச் சிற்றூர்களின் வழியே பயணம் செய்வோர்க்கு எங்கே என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லும் நூல் ஒன்று தமிழில் மிகத் தொன்மைக் காலத்திலேயே எழுந்துவிட்டது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையே அது. அதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயரில் செய்யூருக்கு அருகே கடலோரப் பேரூர் ஒன்று இன்றும் உண்டு. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னரே, ஏடுகளில் உறங்கிய இவ்வழிகாட்டி பலர் கைக்கும் எட்டியது.

வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அது மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையே என்பது அறிஞர் பலரின் துணிபு. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கரையில் கிடக்குமாம். அவற்றை விறகாக்கி நுளையர் வீட்டுப் பெண்கள் காய்ச்சிய பழந்தேறலும், உலர்ந்த குழல் மீனைச் சுட்ட கறியும் வீடுதோறும் கிடைக்கும் என்கிறான் பாணன். அடுத்து வருவது வேலூர் என்னும் முல்லை நிலத்து ஊர். வெயிலில் காய்ந்து கொதிக்கும் குடிசைகளில் வாழும் எயினர் குலப் பெண்கள், புளியிட்டுச் சமைத்த சுடுசோற்றையும் காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியையும் தருவார்கள். அதற்கடுத்த ஆமூர் மருத நிலத்தது. அங்கே உலக்கையின் இரும்புப் பூண் தேயுமளவும் குற்றிய அரிசிச் சோற்றை நண்டுக் கலவையோடு உண்ணலாம்.

அடிகள் சிலவற்றில் நெய்தலும் முல்லையும் மருதமும் தத்தம் உணவோடு வந்து நிற்கின்றன. அந்தந்த மண்ணில் விளைந்ததை, அந்தந்தக் கடலில் பிடித்ததை, அந்தந்த மக்கள் தம் கையால் சமைத்துத் தருகிறார்கள். இவ்வீடுகளில் எதுவும் செல்வர் வீடு அன்று. மீனவர், வேட்டுவர், உழவர் ஆகியோரின் எளிய வீடுகளே அவை. விலை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

ஆமூரில் மற்றொரு காட்சியும் உண்டு. உழவர் வீட்டுப் பெண், தெருவழியே செல்லும் பாணர்களைத் தன் பிள்ளைகளை முறைமுறையாக அனுப்பித் தடுத்து நிறுத்துகிறாளாம். விருந்தினர் வாசலில் வந்து கேட்கும்வரை காத்திருப்பதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. உண்ணாமல் போக விடக்கூடாது என்பதற்காகவே வழியை மறிக்கிறாள். சிறு பிள்ளைகள் கையைப் பற்றி இழுக்கும்போது எந்த வழிப்போக்கன்தான் தன் பசியை மறைத்துக்கொண்டு மேலே நடக்க முடியும்? இந்தப் பெண்ணை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் இறுதியில் அவளை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

அடைத்த கதவும் அடையாத வாயிலும்

இத்தனை விருந்தையும் எடுத்துரைக்கும் அதே நூல், பசியின் முகத்தையும் ஒளிக்காமல் காட்டுகிறது. பரிசில் பெறுவதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்பதை அந்தப் பாணன் சொல்கிறான். அடுக்களையில் ஈன்றணிமை உடைய நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத முலையைப் பற்றி இழுக்க, வலி தாங்காமல் அது குரைக்கிறது. பசியால் மெலிந்த இல்லாள், குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். அதில் இடுவதற்கு உப்பும் இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்ற நாணத்தால் வாயிற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தார் எல்லாரும் அந்த உப்பில்லாக் கீரையைப் பகிர்ந்து உண்கிறார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்மாநாட்டின் கடற்கரை உப்பு விளையும் கரை. மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் வெண்மையாக விரிந்து கிடக்கின்றன. அந்நாட்டை நாடி வந்த ஒருவனின் அடுப்பில் ஒரு பிடி உப்பு இல்லை. பசி உடலை மட்டும் வருத்துவதில்லை. மனிதனை நாணச் செய்து கதவை அடைக்கவும் வைக்கிறது. பசித்தவர் தாமே முன்வந்து கேட்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த அடைத்த கதவை அறியாதவர்கள்.

அந்தக் கதவுக்கு விடையாகவே புலவர் மற்றொரு கதவைக் காட்டுகிறார். இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில் என்னும் நகரில் நல்லியக்கோடனின் அரண்மனை இருந்தது. பொருநர், புலவர், அந்தணர் ஆகியோர்க்கு அதன் வாயில் என்றுமே அடைக்கப்படுவதில்லை. உள்ளே சென்றால், வீமன் வகுத்த சமையல் நூல் வழுவாமல் ஆக்கிய பலவகை உணவுகளை மன்னன் தானே அருகில் நின்று உண்பிப்பான். நாணத்தால் அடைத்த கதவு ஒருபுறம், அன்பால் அடையாத வாயில் மறுபுறம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைத்தான் அந்தப் பாணன் நடந்து கடந்தான்.

சேதுவுக்குச் செல்லும் சாலை

ஓய்மாநாட்டிலிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் காவிரிப்பூம்பட்டினம். சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடியதையும், அங்கே காளைகள் மோதிச் சேறாக்கியதையும் பட்டினப்பாலை வருணிக்கிறது. வீடுகளில் நிகழ்ந்த விருந்தோம்பல், பலர்க்கும் சோறிடும் பொதுச்சாலையாக விரிவடைந்ததற்கு அக்காட்சி சான்றாகிறது. பிற்காலத்தில் கோவில்களும் மடங்களும் அந்தப் பணியைத் தொடர்ந்தன. ஆயினும், வழிப்போக்கர்க்கு உணவளித்தலை ஓர் அரசு தன் தலையாய கடமைகளுள் ஒன்றாகவே மேற்கொண்டதைத் தஞ்சை மராத்தியர் வரலாற்றில்தான் தெளிவாகக் காண்கிறோம்.

1676 முதல் 1855 வரை தஞ்சை மராத்திய மன்னர் மரபின் ஊராக இருந்தது. வடநாட்டிலிருந்து இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் தஞ்சை மண்ணைக் கடந்தே சென்றனர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியே கடற்கரையை அடைந்து, மணமேல்குடி, மீமிசல், தொண்டி எனக் கரையோரமாகவே சேதுவுக்கு நடந்தனர். மாதக்கணக்கில் நடந்து களைத்தவர்கள் அவர்கள். மொழி தெரியாத நாடு, உவர்நிலம், நல்ல தண்ணீர் கிடைப்பதும் அரிது. அச்சாலையில் மராத்திய மன்னர்கள் சத்திரங்களை எழுப்பினார்கள். அவற்றுள் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கி நின்றன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் 1802இல் நிறுவப்பட்ட முத்தாம்பாள் சத்திரமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மல்லிப்பட்டினத்துக்கு அருகே ஓர் ஊரின் பெயரே சேதுபாவாசத்திரம் என்று நிலைத்துவிட்டது.

இச்சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதை அறிய நமக்கு ஓர் அரிய சான்று கிடைத்திருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில், தஞ்சையில் இருந்த கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய மடலே அது. லூத்தரன் மறைப்பணியாளர் சுவார்ட்சின் அரவணைப்பில் கல்வி பெற்ற சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டிலேயே, 1799 அக்டோபரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. படை போயிற்று, வரி போயிற்று, கோட்டையும் பட்டமும் மட்டுமே எஞ்சின. அந்த நிலையில் நின்று ஒரு மன்னர் எதற்காக மன்றாடுகிறார்? தம் முன்னோர் சேதுச் சாலையில் நிறுவிய சத்திரங்கள் குறைவின்றி நடக்க வேண்டும் என்பதற்காகவே மன்றாடுகிறார்.

அம்மடலில் அவர் தரும் செய்திகள் நெஞ்சை நெகிழ்விப்பவை. அந்தணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதியினரும், யோகியரும், சங்கமரும், வைராகிகளும் சத்திரத்தில் சோறு பெறுகிறார்கள். ஆக்கிய சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் மற்றப் பண்டங்களும் அளந்து தரப்படுகின்றன. நோயுற்று வருபவர்க்கு மருத்துவர் உண்டு. மருந்தும், நோய்க்கேற்ற பத்திய உணவும் உண்டு. குணமாகும்வரை அவர்கள் அன்போடு பேணப்படுகிறார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் அளிக்கப்படுகிறது. சத்திரத்தில் பிள்ளை பெற்ற தாய் மூன்று மாதங்கள் அங்கேயே தங்கிச் செல்லலாம். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் விட்டு, மூன்று வேளை உணவும் உடையும் கல்வியும் தந்து, திருமணச் செலவையும் சத்திரமே ஏற்கிறது. இறந்துபோகும் யாத்திரிகர்க்கு அவரவர் மரபுப்படி இறுதிக்கடன் செய்யப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக ஒரு செய்தி உண்டு. பகல் முழுதும் தொடங்கி இரவு வரை சோறு வழங்கிய பின்னர், நள்ளிரவில் மணி ஒன்று அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணுங்கள் என்று அழைக்கும் மணி அது.

நள்ளிரவில் எதற்காக மணி அடிக்க வேண்டும்? பசித்தவன் பகலிலேயே வந்திருக்க மாட்டானா என்று நாம் கேட்கலாம். கால் ஓய்ந்து காலம் தாழ்த்தி வந்து சேர்ந்தவன் ஒருவன் இருப்பான். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க மாட்டாமல் ஒதுங்கிய முதியவள் ஒருத்தி இருப்பாள். நேற்றுவரை பிறர்க்கு இட்டு உண்டவன், இன்று கை நீட்டக் கூசித் திண்ணை இருளில் படுத்திருப்பான். கதவை அடைத்துக் கீரை தின்ற பாணன் வீட்டு நாணம், ஒவ்வொரு காலத்திலும் இருக்கத்தான் செய்கிறது. ஆமூர்ப் பெண் தன் பிள்ளைகளை அனுப்பி மறித்தாள். சத்திரம் தன் மணியை அனுப்பியது. இரண்டிலும் ஓம்புகிறவரே முதலில் பேசுகிறார். பசித்தவர் வாய் திறந்து இரக்க வேண்டிய இழிவு நேர்வதில்லை.

சேதுபாவாசத்திரத்துக்கு அருகே கடலோரத்தில், இதே சரபோஜி 1814இல் எழுப்பிய மனோரா என்னும் அடுக்குக் கோபுரம் இன்றும் நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டப்பட்டது அது. எங்கோ நடந்த போரில் யாரோ பெற்ற வெற்றிக்கு, ஆட்சியை இழந்த மன்னர் ஒருவர் எடுத்த நினைவுச் சின்னம்! சுற்றுலாப் பயணிகள் இன்று அதைத்தான் பார்க்கச் செல்கிறார்கள். அவருடைய உண்மையான புகழ் அக்கோபுரத்தில் இல்லை. நள்ளிரவில் ஒலித்த மணியில் இருந்தது.

பந்தியில் விழுந்த கோடு

வரலாற்றை எழுதும்போது விருப்பமானதை மட்டும் எடுத்துரைப்பது நேர்மை ஆகாது. எல்லாச் சாதியினர்க்கும் சோறு என்று மடல் சொல்கிறது. ஒரே பந்தி என்று அது சொல்லவில்லை. ஆக்கிய சோற்றை ஏற்காதவர்க்கு அரிசி என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே, யார் கையால் யார் உண்ணலாம் என்ற கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது. நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர் இருந்த அச்சத்திரங்களில், பசியாறுவதற்கு எல்லார்க்கும் உரிமை இருந்தது. அருகருகே அமர்வதற்கு இல்லை. அக்காலத்தில் அதுவே பெரிய அறம்தான். ஆயினும், இலைக்கும் இலைக்கும் இடையே விழுந்திருந்த கோட்டை நாம் காணாமல் கடந்துபோக முடியாது.

அந்தக் கோடு சத்திரத்தோடு நின்றுவிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், கடலைக் கடந்து தீவுக்குள்ளேயே வண்டி சென்றது. மாதக்கணக்கான நடை நாள்கணக்கில் சுருங்கியது. நடந்து செல்வோர் குறையக் குறைய, நடப்பவர்க்கென எழுந்த சத்திரங்களின் அடுப்புகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அவற்றின் இடத்தில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலைகளும், ஊர்தோறும் காபி கிளப்புகளும் ஓட்டல்களும் தோன்றின. "சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்ற வினாவுக்கு, "காசு இருந்தால் எங்கும் கிடைக்கும்" என்பது புதிய விடையாயிற்று.

ஆனால் காசு கொடுத்தவர்க்கும் எல்லா இடத்திலும் இருக்கை கிடைக்கவில்லை. புகைவண்டி நிலையங்களில் பிராமணர்க்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்ற பிரிவினை இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தினரும் நெடுங்காலம் போராடிய பின்னரே, 1941இல் அது ஒழிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பல ஊர்களில் ஓட்டல் வாசலைக் கடக்கவும் உரிமை இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மதம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அதன் பின்னும் தனிக் குவளைகள் தேநீர்க் கடைகளிலிருந்து எளிதில் அகலவில்லை. பிறரைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். நம்முடைய ஆலயங்களிலேயே சாதிவாரியாக இடம் பிரித்து அமர்ந்த வரலாறு நமக்கு உண்டு. ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, வெளியே வந்து வேறுவேறு பந்தியில் அமர்ந்தவர்கள் நம் முன்னோர்.

மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

வழிப்போக்கர்க்கு உணவளிப்பதே குற்றம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு காலமும் தஞ்சை மண்ணில் வந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி நடந்தார்கள். உப்பின்மீது அரசு விதித்திருந்த சட்டத்தை மீறிக் கடற்கரையில் உப்பு எடுப்பது அவர்களின் நோக்கம். வேதாரணியத்தில் அவர்களை வரவேற்க ஆயத்தமாக இருந்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை.

தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், தொண்டர்களை அடித்து நிறுத்துவதைவிட எளிய வழி ஒன்றைக் கண்டார். அவர்களுக்கு உணவோ தங்குமிடமோ தருபவர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று ஊர்தோறும் அறிவிக்கச் செய்தார். பசி நடையை நிறுத்திவிடும் என்பது அவர் கணக்கு. கும்பகோணத்தில் தொண்டர்களைத் தம் இல்லத்தில் ஏற்று விருந்தளித்த பந்துலு ஐயர் அதற்காகவே சிறை சென்றார்.

ஆனால் சத்திரங்களின் மண்ணில் அந்தக் கணக்குப் பொய்த்தது. வீட்டுக்குள் அழைத்து உபசரிக்க முடியாத மக்கள், சோற்றைப் பொட்டலங்களாகக் கட்டிச் சாலையோர மரங்களின் கிளைகளில் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் இளைப்பாறும் ஆற்றங்கரைகளில் பெரிய பாத்திரங்களில் உணவைப் புதைத்து வைத்து, இடம் தெரியும்படி அடையாளமும் வைத்தார்கள். ஏப்ரல் 28ஆம் நாள் தொண்டர்கள் வேதாரணியத்தை அடைந்தார்கள். 30ஆம் நாள் உப்பு எடுத்தார்கள். நூல்களில் அந்த உப்பைப் பற்றிப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. அவர்களை அங்கே கொண்டு சேர்த்த சோற்றைப் பற்றியும் நாம் நினைக்க வேண்டும். பெயர் தெரியாத பெண்கள் விடியுமுன் எழுந்து வடித்த சோறு அது. யாருடைய கை கட்டியது என்று உண்டவர்க்கும் தெரியாது. யார் உண்டார் என்று கட்டியவர்க்கும் தெரியாது. சாதி கேட்பதற்கும் அங்கே வழி இல்லை. பந்தியில் விழுந்திருந்த கோடு அந்த மரக்கிளைகளில் மட்டும் விழவில்லை.

மறித்த கைகள்

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, சேதுபாவாசத்திரம் என நாம் மேலே கண்ட சேதுச் சாலையின் ஊர்களே பேரழிவுக்கு உள்ளாயின. தலைமுறைகளாக வளர்ந்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. படகுகள் நொறுங்கின. மின்சாரமின்றி நாள்கள் பல கடந்தன. பல சிற்றூர்களில் மக்கள் தம்மிடம் எஞ்சிய அரிசியை ஒன்றுசேர்த்துப் பொது அடுப்பில் ஆக்கி உண்டார்கள்.

வெளியூர்களிலிருந்து நிவாரணப் பொருள்களை ஏற்றிய வண்டிகள் இச்சாலைகளில் வந்தபோது, உள்ளடங்கிய ஊர்களின் மக்கள் சாலைக்கு வந்து நின்று மறித்தார்கள். தங்கள் ஊருக்கு இன்னும் எதுவும் வரவில்லையே என்று முறையிட்டார்கள். சிலர் அதைக் குறையாகவும் பேசினார்கள். ஆமூர்ப் பெண்ணை மறந்துவிட வேண்டாம் என்று முன்னர்ச் சொன்னதை இங்கே நினைவுகூருங்கள். வழிப்போக்கனை உண்ணச் செய்வதற்காகச் சாலையை மறித்த மரபில் வந்தவர்கள், தாமே உண்பதற்காகச் சாலையை மறிக்க நேர்ந்தது. கதவை அடைத்துக்கொள்ளும் நாணத்தைக்கூடப் பசி அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. மறித்த கைகளைக் கண்டு முகம் சுளித்தவர்கள், அக்கைகள் எத்தனை தலைமுறையாக இட்டுச் சிவந்தவை என்பதை அறியாதவர்கள்.

கஞ்சி ஊற்றும் கரை

இன்று இந்தக் கரையில் பயணம் செய்பவர் எங்கே நன்றாக உண்ணலாம்? உணவுக்குக் குறைவில்லை. மரக்காணத்துக் கருவாட்டில் எயிற்பட்டினத்துச் சுட்ட மீனின் வழித்தோன்றலைக் காணலாம். நாகூரில் இறாலை மேலே பதித்து அரிசி மாவில் பொரிக்கும் வாடாவை மாலை வேளையில் சூடாக உண்ணலாம். மல்லிப்பட்டினத்து நண்டு வெளியூர்ச் சந்தைகளுக்கும் செல்கிறது. ஆமூர்ப் பாணன் அதைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்வான். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன் குழம்புக்கும் பஞ்சமில்லை. இவையெல்லாம் உழைப்பவர் கையால் ஆன நல்ல உணவுகளே. விலை கொடுத்து உண்பதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் விலை இல்லாத விருந்தைக் காண விரும்புபவர் ஆகஸ்டு மாத இறுதியில் அந்தச் சாலையில் நிற்க வேண்டும். ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அதையொட்டிக் காவி உடுத்தி, சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்கிறார்கள். அவர்கள் கடப்பது அந்தப் பழைய எயிற்பட்டினத்துக் கரையைத்தான். அங்கிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகூர் என்று நடக்கிறார்கள். வழியெங்கும் பந்தலிட்டு நீர்மோரும் கஞ்சியும் சோறும் தருபவர்கள் இருக்கிறார்கள். தருகிறவர் எல்லாரும் கிறித்தவர் அல்லர். பெறுகிறவர் எல்லாரும் அப்படித்தான். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் இந்து மன்னராகிய பிரதாபசிம்மர் என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பாக இராது. கொப்புளம் கண்ட காலோடு பந்தலில் உட்காரும் பெண்ணிடம், கஞ்சி ஊற்றுபவர் சாதி கேட்பதில்லை. கிண்ணத்தை நீட்டுமுன்னரே அழைக்கிறார்.

ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் பிற்காலத்தில் கல்விக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டது. வழிப்போக்கர்க்கான உலை இப்போது அங்கே கொதிப்பதில்லை. நள்ளிரவு மணியும் ஒலிப்பதில்லை. ஆனால் திண்ணை இருளில் படுத்திருப்பவன் போய்விடவில்லை. வேலை தேடி வந்து, நம் மொழி அறியாமல் கட்டடப் பணியிடத்தில் ஒடுங்கியிருக்கும் வடநாட்டு இளைஞனாக அவன் இருக்கிறான். கரை சேராத படகின் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதைப் பகிர்ந்து உண்ணும் குடும்பமாக இருக்கிறான். பெருவிழா அசனத்தன்று, முதல் பந்தியில் அமரத் துணியாமல் மதிலோரம் நிற்பவனாகவும் இருக்கிறான்.

நம் ஆலயங்களில் மணிக்குக் குறைவில்லை. விடியலில் அடிக்கிறோம், நண்பகலில் அடிக்கிறோம், அந்தியில் அடிக்கிறோம். செபிக்க வருமாறு அது அழைக்கிறது. அடுத்த பெருவிழா அசனத்தில் கடைசிப் பந்தி எழுந்த பின், அடுப்பை அணைப்பதற்கு முன், இன்னும் உண்ணாதவர்க்காக அதை ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். யார் வருகிறார்கள் என்று கோவில் வாசலில் நின்று பார்க்கலாம்.